பச்சை நூலில் விழுந்த குழி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கைகழுவிய ஒருவன் மலேசியாவுக்குப் போய், அங்கே படித்தவர்கள் வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த புள்ளிவிவரத்தை ஒரு பலகையில் ஆணியடித்து நிறுத்திவிட்டு வந்தான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நான் செய்தேன். அந்தப் பலகை குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் விவசாயிகள் சங்கக் கட்டடத்தில் தொங்குகிறது. சந்தேகம் உள்ளவர்கள் பஸ் ஏறி வந்து பார்த்துக்கொள்ளலாம்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்து ரப்பர் மரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிழடு தட்டிப்போயின. சங்கத்தில் உள்ள அத்தனை குடும்பமும் பழைய மரத்தை வெட்டிவிட்டுப் புதிதாக நட வேண்டும். ரப்பர் நட்டால் பால் வர ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டும். அதன்பிறகு கால் நூற்றாண்டுக்கு அந்த மரம்தான் சோறு. ரகம் தப்பிப்போனால் நட்டவன் காலத்தில் திருத்த முடியாது. நாற்றங்கால் தயாராக நின்றது. ஆனி மழைக்கு முன்னால் ஒட்டுக் கட்டியாக வேண்டும். மூன்று ரகத்தின் ஒட்டுக்கம்பும் ஊரிலேயே கிடைத்தது. எந்த ரகம் என்பதில்தான் அடிதடி.

சங்கக் கூட்டத்தில் செல்லத்துரை ஒரு துண்டுப் பிரசுரத்தைத் தூக்கி ஆட்டினார். நானும் அவரும் ஒரே வயது. எதிரெதிர் வரிசையில் உட்காருவதே எங்கள் வழக்கம். "மலேசியாவிலே வருஷத்துக்கு அதிகம் பால் தருகது இந்த ரகம்தான். அச்சிலே போட்டிருக்கான். பிறகு என்ன வே பேச்சு?" என்றார்.

"வருஷக் கணக்கு கிடக்கட்டும். மாசக் கணக்கு என்னது? ஆனி ஆடியிலே நம்ம ஊரிலே மரத்தில கத்தி வைக்க முடியுமா? அந்த ரெண்டு மாசத்துப் பாலையும் மழை கொண்டுபோகும். நமக்குச் சித்திரை, வைகாசியிலே தரக்கூடிய மரம் வேணும்" என்றேன்.

"அதைத் தெரியணும்னா நீரே போய்ப் பாத்துட்டு வாரும்."

"போறேன்" என்றேன். சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மீசை முளைக்கும் முன்னே அடுத்தவன் தோட்டத்துக்கு ரப்பர்க் குழி வெட்டப் போனவன் நான். இன்று என் தோட்டத்தின் ஓர் எல்லையில் நின்று கூப்பிட்டால் மறு எல்லைக்குக் கேட்காது. அதெல்லாம் 'போறேன்' என்று சொன்ன இடத்துக்குப் போனதால் வந்தது. மலேசியாவில் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பல எஸ்டேட்டுகள் தங்கள் பால் கணக்கை ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் பொதுவில் வைத்திருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று எங்கள் விவசாய அதிகாரி சொல்லியிருந்தார். பங்குனிக் கடைசியில் கிளம்பினேன்.

அந்த மாநிலத்துத் தலைநகர் சிரம்பானில், தெமியாங் பகுதியில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் தங்கினேன். கடைக்காரர் ராமசாமியின் தகப்பனார் சிவகங்கைச் சீமையிலிருந்து வந்தவர். முதல் நாள் காலையில் அவர் வாங்கிக் கொடுத்த ரொட்டி சானாய் நம் பரோட்டாவுக்குத் தம்பி முறை. ஆனால் எண்ணெய் குறைவு, பருப்புக் குழம்பு தாராளம். தேநீரை ஓர் ஆள் உயரத்துக்கு இழுத்து ஆற்றுகிறார்கள். எங்கள் ஊர் நாயர் கடையிலும் ஆற்றுவார்கள்தான். ஆனால் இங்கே ஆற்றுகிறவன் கிளாஸைப் பார்ப்பதே இல்லை. தெருவைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஆற்றுகிறான். ஒரு சொட்டு கீழே விழவில்லை. எனக்கு அந்த நாடு அப்போதே பிடித்துவிட்டது.

ஆராய்ச்சி அலுவலகத்தில் என்னிடம் பேச ஒரு தமிழ்ப் பெண்ணை அனுப்பினார்கள். பத்மாவதி என்று பெயர், சிரம்பானிலேயே ரஹாங்கில் வீடு, படிப்பு லண்டன்வரை. அப்பா எஸ்டேட்டில் பிறந்தவர், இவள் டவுனில் பிறந்தவள். வந்ததும் இரண்டு கையாலும் ஒரு காகிதக் கட்டைத் தூக்கி மேசையில் போட்டாள். மடித்து மடித்து அடுக்கிய நீளத் தாள், ஓரமெல்லாம் ஓட்டை, முழுக்க எண்கள்.

"இதுதான் அங்கிள். மூணு வருஷம், நாலு எஸ்டேட். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காட்டுலயும் எவ்வளவு பால் எடுத்தாங்கன்னு கம்ப்யூட்டர்ல போட்டிருக்கு. எல்லாரும் வாங்க, பாருங்கன்னுதான் வச்சிருக்கோம். யாரும் பாக்க மாட்டேங்கிறாங்க லா."

பேச்சின் கடைசியில் ஒரு 'லா' போடுவது அந்த நாட்டு வழக்கம். அங்கே தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் காடு என்கிறார்கள். ஐந்தாம் நம்பர் காடு, ஏழாம் நம்பர் காடு என்று பெயர்.

நான் தாளைப் புரட்டினேன். எண்கள் எறும்பு போல ஊர்ந்தன. எண் படிக்க எனக்குத் தெரியும். ஆனால் ஆயிரம் எண்ணை ஒன்றாகப் பார்த்தால் லண்டன் படித்தவருக்கும் அது எறும்புதான் என்று நினைக்கிறேன். "மக்களே, இதிலே மரம் எங்கே நிக்கி?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் ஒரே ஒரு பிள்ளையைக் கூப்பிடுவதும் 'மக்களே' என்றுதான்.

அவள் சிரித்துவிட்டு, கிராஃப் தாளில் பென்சிலால் ஒரு மாதத்தைக் கோடாகப் போட்டுக் காட்டினாள். பால் கூடினால் கோடு ஏறுகிறது, குறைந்தால் இறங்குகிறது. எனக்கு மின்னல் அடித்தமாதிரி இருந்தது. எறும்பெல்லாம் வரிசையாக மலையேறுகிறது!

"இதைப் பெரிசாப் போடலாமா? எங்க ஊருக்கு எடுத்துட்டுப் போகணும். நாப்பது பேர் தூரத்திலே இருந்து பாத்தாலும் தெரியணும். காகிதம் எங்க மழைக்கு நிக்காது."

"எதுல போடுறது?"

"அதை எங்கிட்ட விடு" என்றேன். எங்கிட்ட விடு என்று நான் சொன்ன காரியம் எதுவும் கிடந்துபோனது கிடையாது.

அன்று மாலையே லோபாக் பகுதியில் ஒரு தையல் கடையில் மூன்று நிற நூல்கண்டு வாங்கினேன், சிவப்பு, பச்சை, மஞ்சள். ஆணியும் ஒரு ஒட்டுப்பலகையும் வாங்கி, தெமியாங்கில் கடைக்கு முன்னால் அவர்கள் அஞ்சடி என்று சொல்லும் நடைபாதையில் உட்கார்ந்தேன். ரகங்களுக்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர்கள் இருந்தன. அவை என் வாயில் நுழையவில்லை. நானே பெயர் வைத்துவிட்டேன். செல்லத்துரையின் ரகம் சிவப்பு. மற்ற இரண்டும் பச்சை, மஞ்சள். பலகையின் அடியில் இடமிருந்து வலமாக மாதங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒவ்வொரு ரகத்துக்கும் ஓர் ஆணி, பாலின் அளவுக்குத் தக்க உயரத்தில். மூன்று ரகமும் நிற்கிற ஓர் எஸ்டேட்டின் கணக்கை எடுத்து, பத்மாவதி உயரம் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

பக்கத்துக் கடைச் சீனக் கிழவர் வெளியே வந்து என்னமோ சத்தம் போட்டார். ராமசாமி மொழிபெயர்த்தார்: "சவப்பெட்டி செய்யறதா இருந்தா வேற இடத்துல போய்ச் செய்யச் சொல்றாரு."

"அவருக்கு அளவு எடுக்கலைன்னு சொல்லும்" என்றேன். ராமசாமி அதைச் சொன்னாரோ என்னவோ, கிழவர் வாய்விட்டுச் சிரித்து, ஒரு முக்காலியை எடுத்து வந்து போட்டுக்கொண்டு கடைசிவரை வேடிக்கை பார்த்தார்.

ஆணி அடித்து முடித்து, மறுநாள் நூலை ஓட்டினோம். எட்ட நின்று பார்த்தேன். மூன்று வருஷத்துப் பால் ஒரு பலகையில் மலைத்தொடர் மாதிரி நின்றது. மாசி, பங்குனியில் இலை உதிரும்போது மூன்று நூலும் சேர்ந்தே தாழ்ந்தன. அது ஊரிலும் உண்டு. மஞ்சள் எப்போதும் அடியில் கிடந்தது. அதைத் தள்ளிவிட்டோம். சிவப்பும் பச்சையும் தோளோடு தோள் உரசிக்கொண்டு போயின, சித்திரைவரை.

சித்திரையில் பச்சை நூல் கிணற்றில் கல் போட்டமாதிரி விழுந்தது. ஒரு வருஷம் மட்டுமில்லை. மூன்று வருஷமும் விழுந்தது. எங்களுக்கு எந்த மாதம் வேண்டுமோ அதே மாதம்.

"புது இலை துளிர்க்கிற நேரம் அங்கிள். அப்ப ஒரு இலைநோவு வரும், துளிரெல்லாம் கொட்டிடும். பச்சைக்கு அந்த நோவு தாங்கல போல" என்றாள் பத்மாவதி. அது நியாயமான பேச்சு. எங்கள் ஊரிலும் அந்த நோவு உண்டு, நானே கந்தகப்பொடி அடித்திருக்கிறேன்.

சிவப்போ அதே சித்திரையில் துள்ளி ஏறியது. செல்லத்துரை சொன்னது சரியாகிவிட்டது! ஆனாலும் நாற்பது குடும்பத்துச் சோற்றில் என் வீறாப்பைக் கலக்கக் கூடாது. "போஸ்டாபீஸ் எங்கே இருக்கு? தந்தி அடிக்கணும். சிவப்புன்னு அடிச்சிரலாம்" என்றேன்.

எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டவன் மறுபடியும் பலகையைப் பார்த்தேன். பாருங்கள், நான் வாழ்க்கையில் வெட்டிய குழிகளுக்குக் கணக்கில்லை. குழி வெட்டினால் மண் எங்கேயாவது கிடக்கும். குழியின் ஓரத்தில் மேடு இருக்கும். இங்கே பச்சையில் குழி. ஒட்டினாற்போலச் சிவப்பில் மேடு. குழி எவ்வளவு ஆழமோ ஏறக்குறைய அவ்வளவு உயரம். மூன்று வருஷமும் அப்படியே.

"மக்களே, இது நோவு இல்லை. நோவு வந்தா பச்சை சாகும், சரி. சிவப்பு ஏன் துள்ளணும்? யாரோ இங்க வெட்டி அங்க போட்டிருக்கான்."

பத்மாவதி கன்னத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு நின்றாள். "அந்த எஸ்டேட்ல இந்த ரெண்டு ரகமும் பக்கத்துப் பக்கத்துக் காட்டுல நிக்குது" என்றாள் மெதுவாக. "நாளைக்குப் போலாமா?"

"நாளைக்கா? முதல் பஸ்ஸுக்கு" என்றேன். பலகையையும் எடுத்துக்கொண்டேன். எண்ணைக் காட்டினால் தோட்டத்தில் யாரும் பேசமாட்டார்கள், படத்தைக் காட்டினால் பேசுவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

பஸ்ஸில் பலகை நுழையவில்லை. சாய்த்து, படுக்கவைத்து, ஓர் அம்மாளின் கோழிக்கூடைக்கு மேலாகத் தூக்கி உள்ளே திணித்தேன். நடத்துனர் மலாய்க்காரர். நூல்களைப் பார்த்துவிட்டு நீளமாக என்னவோ கேட்டார். பத்மாவதி சொன்னாள்: "இது என்ன வாத்தியம், வாசிச்சுக் காட்டினா டிக்கெட் வேணாம்கிறார்." பஸ்ஸே சிரித்தது. நான் பச்சை நூலை விரலால் ஒரு சுண்டு சுண்டினேன். டொய்ங் என்றது. நடத்துனர் சலாம் வைத்துவிட்டுப் போனார். எங்கள் ஊர் நடத்துனராக இருந்தால் பலகையையும் இறக்கி என்னையும் இறக்கியிருப்பார்.

ரோட்டை அங்கே ஜாலான் என்பார்கள். ஜாலான் முனையில், பத்மாவதி போனில் சொல்லியிருந்தபடி, எஸ்டேட் லோரி காத்திருந்தது. மண்டோர் வீரப்பன் வந்திருந்தார். பால் வெட்டுகிறவர்களுக்கு மேலாள் அவர். அகலமான மார்பும் இடுங்கிய கண்ணுமான ஆள். லோரியின் பின்னால் பலகையை ஏற்றியதுதான் தாமதம், மழை பிடித்துக்கொண்டது. அங்கத்து மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. லோரி ஒரு செம்மண் பள்ளத்தில் இறங்கி, ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. நானும் வீரப்பனும் இறங்கித் தள்ளினோம். பத்மாவதி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சக்கரத்துக்கு அடியில் மட்டை போட்டாள். லண்டன் படித்த கால் முழங்கால்வரை சேறு. முகம் சுளிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு நான் முழு மதிப்பெண் போட்டேன்.

மழை விட்டுப் பார்த்தால் சிவப்பு நூலின் சாயம் இறங்கிப் பலகையில் வழிந்திருந்தது. "ஐயோ, ரத்தம் மாதிரி இருக்கு லா" என்றாள்.

"சிவப்புக்கு நிறம் நிக்கலை. கெட்ட குறி" என்றேன். உண்மையில் அது மலிவான நூல்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மழை வழியோடு நின்றுவிட்டது, இங்கே மரமெல்லாம் காய்ந்தே நின்றது, வெட்டு நடக்கிற வேளை. பச்சை ரகம் நிற்கிற காட்டில் ஒரு மனித வாடை இல்லை. மரங்களில் பால் பிடிக்க நாம் சிரட்டை கட்டுவோம். அங்கே பீங்கான் கிண்ணம், மங்கு என்பார்கள். அத்தனை மங்கும் கவிழ்த்து வைத்திருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வரிசை வரிசையாகக் கவிழ்ந்த மங்கு. மரப்பட்டையில் புது வெட்டு ஒன்றுகூட இல்லை.

பக்கத்துச் சிவப்புக் காட்டில் திருவிழாக் கூட்டம். ஒரு வரிசை மரத்துக்கு ஒரு ஆள் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர்.

"என்ன தம்பி இது? பச்சைக் காட்டைப் பட்டினி போட்டிருக்கீங்க?" என்றேன் வீரப்பனிடம்.

அவருக்குப் பச்சை என்றால் என்னவென்று புரியவில்லை. அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "அந்த ஆளு யாரு மண்டோரே, செருப்போட நிக்கிறாரு? ஆத்தா காட்டுல கால் வைக்கிறப்ப கழட்டச் சொல்லு."

அஞ்சலை என்று பெயர், பால் வெட்டுகிறவள். மஞ்சள் சேலை, மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கட்டிய காப்பு. நான் செருப்பைக் கழற்றினேன். அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு வரிசையின் முதல் மரத்திலும் வேப்பிலை கட்டியிருந்தது. காட்டின் நடுவில், மரங்களுக்கு ஊடே, சிவப்பு வெள்ளை அடித்த ஒரு மாரியம்மன் கோயில். உடுக்கைச் சத்தம் அங்கேயிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"காப்பு கட்டின நாளிலிருந்து அவுக்கிற நாள்வரைக்கும் இந்தக் காட்டு மரத்துல கத்தி படக்கூடாதுங்க" என்றார் வீரப்பன். "ஆத்தாளைச் சுத்தி நிக்கிற மரம். நம்ம தாத்தன் காலத்துலேர்ந்து அப்படித்தான். துரைமாரு எத்தனையோ பேரு வந்து போயிட்டாங்க, இதை மட்டும் யாரும் மாத்த முடியல."

"அப்போ இங்க வெட்டுகவங்க?"

"சும்மா உக்கார வச்சா பேரு விழாதே, அன்னைக்குக் கூலி கிடைக்காதே. பக்கத்துக் காட்டுக்கு அனுப்பிடுவேன். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுற மரத்தை அந்த நாளுல தினம் வெட்டுவாங்க. ஆளு இருக்கே!"

நான் பலகையை ஒரு மரத்தில் சாய்த்து நிறுத்தினேன். குழி இங்கே, மேடு அங்கே. வெளிநாடு, துரைமார் தோட்டம், அங்கே கடிகாரம்தான் சாமி என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான். எங்கள் ஊர் இசக்கியம்மன் கொடைத் திருவிழாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பத்மாவதி வேர்மேல் உட்கார்ந்து, பையில் கொண்டுவந்த காகிதக் கட்டைப் பிரித்தாள். "மண்டோர், வெட்டாத நாளுக்குக் கணக்குக் கிராணி என்ன எழுதுவாரு?"

"கட்டத்தைக் காலியா விட்டா பெரிய ஆபீஸ்ல ஏசுவாங்கன்னு சைபர் போடுவாரும்மா."

"சைபர்" என்றாள். இன்னொரு முறை சொன்னாள். "பால் வரலைங்கிறது வேற, பால் எடுக்கலைங்கிறது வேற. ரெண்டையும் ஒரே சைபர்ல போட்டு நான் கூட்டி வகுத்திருக்கேன் அங்கிள்."

நான் மடியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தேன், பச்சை நூலைச் சித்திரையில் அறுத்துவிட. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அறுக்காதீங்க! நம்ம ஆசைக்கு அறுக்கக் கூடாது. மூணு வருஷமும் இதே காரணம்தானான்னு தெரியணும். ஒரு வருஷம் காப்பு, ஒரு வருஷம் நோவுன்னு இருந்தா?"

"எப்படித் தெரியும்?"

"காப்பு என்னைக்குக் கட்டுவீங்க?" என்று அஞ்சலையைக் கேட்டாள்.

"சித்ரா பௌர்ணமிக்குத் தீமிதி. அதுக்கு முன்னாடி காப்பு. இதுகூடத் தெரியாதா? நீ எந்த ஊரு பொண்ணு?"

"ரஹாங், அக்கா."

"அதான்" என்றாள் அஞ்சலை. அவ்வளவுதான். வேறு விளக்கம் தேவை என்று அவள் நினைக்கவில்லை.

வீரப்பன் வீட்டுச் சுவரில் நாட்காட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே ஆணியில் தொங்கின. பழையதை எடுத்தெறியும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. சாமி படம் போட்டதை எப்படி எறிவது? பத்மாவதி ஒவ்வொரு வருஷத்துப் பௌர்ணமியாகச் சொல்ல, நான் காகிதக் கட்டில் சைபர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் வைத்துப் பார்த்தேன். பௌர்ணமி முந்தி வந்த வருஷம் சைபரும் முந்தி வந்தது. பிந்தி வந்த வருஷம் பிந்தி வந்தது. மூன்று வருஷமும் நிலவோடு நிலவாக நகர்ந்திருந்தது.

"நோவு பௌர்ணமி பாத்து வராது" என்றாள். அவள் முகம் அப்போது இருந்த இருப்பைச் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. "இப்ப அறுங்க அங்கிள்."

மூன்று சித்திரையிலும் அறுத்தேன். பச்சை நூல் ஒரு கரையில் நின்று, ஒரு வெற்றிடம் விட்டு, மறு கரையில் தொடர்ந்தது. அறுபட்ட முனைகளை ஆணியில் இறுக்கி முடிந்தேன். இப்போது சிவப்பைப் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது. சித்திரையில் துள்ளுகிற சிவப்பு, வைகாசியில் மூச்சு வாங்குகிறது. தினம் வெட்டினால் எந்த மரம்தான் தாங்கும்?

மத்தியானச் சாப்பாடு வீரப்பன் வீட்டில். விரத நாள், மரக்கறி, பாயசம். வாழையிலையின் ஒரு மூலையில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் ஒரு மிளகாய்ச் சம்பல். கண்ணில் நீர் வந்தது, ஆனாலும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். பேச்சுவாக்கில், "மரச்சீனிக் கிழங்கு கிடைக்காதா? எங்க ஊரிலே அது இல்லாம நாளு விடியாது" என்று கேட்டுவிட்டேன். வீரப்பன் இலையிலிருந்து கையை எடுத்தார்.

"கிழங்கா? ஜப்பான்காரன் காலத்துல எங்கப்பா மூணு வருஷம் அதையேதான் தின்னாரு. விருந்தாளிக்குக் கிழங்கு போட்டேன்னு தெரிஞ்சா ஆவியா வந்து அடிப்பாரு லா."

ஒரே கிழங்குதான். எங்களுக்கு அது சோறு, அவர்களுக்கு அது பட்டினி.

சிரம்பான் திரும்பியதும் பத்மாவதி விடவில்லை. நான் கெட்டிக்காரன்தான், ஆனால் பிடிவாதத்தில் அந்தப் பெண்ணுக்குப் பின்னால்தான் நிற்பேன். இரண்டு நாள் உட்கார்ந்து, வெட்டிய நாட்களை மட்டும் எண்ணிப் புதிதாகக் கூட்டி வகுத்தாள். சித்திரையில் பச்சைதான் சிவப்பைவிட மேலே நின்றது. வருஷக் கணக்கிலும் ஒரு மயிரிழை முந்தியது. "ஒரு எஸ்டேட்ட வச்சு மட்டும் சொல்ல மாட்டேன்" என்று, இரண்டு ரகமும் நிற்கிற இன்னொரு எஸ்டேட்டின் கணக்கையும் கிராஃப் தாளில் போட்டாள். அங்கே கோயில் காட்டுக்குள் இல்லை, ரோட்டோரத்தில் இருக்கிறது. குழியும் இல்லை, மேடும் இல்லை. பச்சை தன்பாட்டில் சீராகப் போனது. பிறகு எல்லா எஸ்டேட்டுக்கும் எழுதத் தொடங்கினாள், உங்கள் கோயில் எங்கே, திருவிழா எப்போது என்று.

"ஆபீஸ்ல சிரிப்பாங்க அங்கிள். ஆராய்ச்சிக்குப் பஞ்சாங்கம் கேக்குறாளேன்னு."

"சிரிக்கட்டும். பலகையைக் கொண்டுபோய்க் காட்டு."

"பலகை உங்களுக்கு. நான் வேற செஞ்சுக்கிறேன்" என்றாள். போஸ்டாபீஸில் தந்தியையும் அவள்தான் எழுதிக் கொடுத்தாள். ரகத்தின் உண்மையான பெயர், அடியில் என் பெயர், வேறொன்றும் இல்லை. விமானத்தில் பலகையை ஏற்ற நான் போட்ட சண்டையைச் சொன்னால் அது தனிக் கட்டுரையாகிவிடும். ஏற்றினேன், அவ்வளவுதான்.

ஊரில் சங்கக் கூட்டம் முட்டி மோதியது. தந்தி வந்திருந்தும் ஒட்டுக் கட்டவில்லை. செல்லத்துரை தடுத்து வைத்திருந்தார். 'ஆளு வரட்டும், காரணம் சொல்லட்டும்' என்று. ஒருவகையில் அது நியாயம்தான். பலகையைச் சுவரில் மாட்டினேன். சிவப்பு எது, பச்சை எது என்று சொன்னேன். கடைசி வரிசையில் நின்றவர்களுக்கும் தெரிந்தது.

செல்லத்துரை எழுந்து கிட்டே வந்தார். சித்திரை வெற்றிடத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன வே? இங்க நூலு போதாமப் போச்சா? நமக்கு வேண்டிய மாசத்தை மட்டும் அறுத்துப் போட்டிருக்கீரு. நல்ல வித்தை!"

சபையில் சலசலப்பு. நான் நடந்ததைச் சொன்னேன். கவிழ்ந்த மங்கு, வேப்பிலை, காப்பு, தீமிதி, நிலவோடு நகர்ந்த சைபர் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விரலை எடுக்கவில்லை. கதை என்று நினைக்கிறார் என்று தெரிந்தது. நாற்றங்காலில் கன்று நிற்கிறது, மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது.

"செல்லத்துரை, உம்ம தோட்டத்து நடுவிலே இசக்கி நிக்காளே. கொடைக்கு நாள் குறிச்சா அவளைச் சுத்தி நிக்கிற மரத்திலே நீரு கத்தி வைப்பீரா?"

"நான் ஏன் வைக்கேன்? எனக்குக் கண்ணு வேண்டாமா?"

"அந்த நாளுக்கு உம்ம மரத்துப் பேரிலே சைபர் எழுதி, செல்லத்துரை தோட்டம் பால் வத்தின தோட்டம்னு ஒருத்தன் அச்சிலே போட்டா?"

"போடுகவன் கையை ஒடிப்பேன்!" என்றார்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்குக் கேட்டது. விரல் இன்னும் அந்த வெற்றிடத்தில்தான் இருந்தது. மெல்ல எடுத்துக்கொண்டார். தரையைப் பார்த்தார். செருப்புக் காலோடு பலகைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். இரண்டு செருப்பையும் கழற்றிச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, சபைப் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குக் காலையிலே பச்சைக் கம்பு எடுக்க யாரெல்லாம் வாறீங்க? கத்தியைத் தீட்டிட்டு வாங்க. மழைக்கு முன்னே முடிக்கணும்."